ஒரு கண் பார்வையுள்ள உழவர்க்கு ஏற்ற தொலைநோக்கி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் மக்காச்சோளம், நிலக்கடலை, மரவள்ளி ஆகியவற்றைப் பயிரிடும் உழவர்க்கு விதைப்பும் களையெடுப்பும் பாதி வேலைதான். கதிர் பால் பிடிக்கும் பருவத்திலிருந்து அறுவடை வரை இரவு பகலாகக் காவல் காப்பது மீதிப் பாதி. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று ஒரே இரவில் பல சென்ட் பயிரைப் புரட்டிவிடும். கூட்டம் எந்த ஓடையிலிருந்து வருகிறது, எத்தனை உருப்படிகள், வேலியில் எந்த இடத்தில் நுழைகின்றன என்பவற்றை முன்கூட்டியே அறிந்தால்தான் தடுப்பு முறைகள் பயன் தரும். இதற்குத் தொலைநோக்கி நல்ல துணைக்கருவியாகும்.

ஆனால் நெல் தாள் குத்தியோ, கல் தெறித்தோ, நோயினாலோ ஒரு கண்ணில் பார்வை இழந்த உழவர்கள் நம் ஊர்களில் பலர் உள்ளனர். தொலைநோக்கி என்பது இரு கண் உள்ளவர்களுக்கே உரியது என்று அவர்கள் எண்ணி விட்டுவிடுகின்றனர். அல்லது கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் கருவியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி, பயனின்றிப் பெட்டியில் பூட்டி வைக்கின்றனர். இரண்டுமே தேவையற்றவை. ஒரு கண் பார்வையுள்ளவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும், எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வேட்டைக்காரர்களின் அனுபவம்

ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளில் காட்டுப்பன்றி வேட்டைக்கு உரிமம் உண்டு. அங்குள்ளவர்களும் வயலோரம் உயரமான பரண் அமைத்து, அந்தியிலும் நிலவொளியிலும் காத்திருப்பர். அங்குள்ள பன்றியும் நம் ஊர்ப் பன்றியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. மங்கிய ஒளியில் பார்ப்பதற்கென்று அவர்கள் நெடுங்காலமாக 8×56 என்னும் அளவுள்ள தொலைநோக்கியை விரும்பிப் பயன்படுத்துகின்றனர். ஏன் அந்த அளவு என்பது பின்னர் விளங்கும். துப்பாக்கியின் மேல் பொருத்தும் குறிநோக்கி ஒற்றைக் குழல் உடையது. அதை எவரும் ஒரு கண்ணால்தான் பார்க்கிறார்கள். எனவே ஒரு கண் பார்வை மட்டும் உள்ளவர் இத்தகைய கருவிகளைக் கையாள்வதில் புதுமை ஏதுமில்லை.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுதல் குற்றமாகும். காட்டுப்பன்றி, மயில், யானை யாவும் சட்டப் பாதுகாப்பு பெற்றவை. ஆகவே நமக்குத் தொலைநோக்கி பார்ப்பதற்கும், குறித்து வைப்பதற்கும், வனத்துறையினருக்குத் தகவல் தருவதற்குமே உரியது.

எது குறைகிறது, எது குறையவில்லை?

ஒரு கண் இழந்தவர்க்கு மூன்று குறைகள் ஏற்படுகின்றன.

முதலாவது, பக்கப் பார்வை. இரு கண்களாலும் ஏறத்தாழ 180 பாகை அகலம் காண இயலும். ஒரு கண்ணால் ஏறத்தாழ 150 பாகை காணலாம். பார்வையில்லாத பக்கத்தில் 30 பாகை அளவுக்குத் தலையைத் திருப்பாமல் எதுவும் தெரியாது.

இரண்டாவது, ஆழம் அறியும் திறன். இரு கண்களும் ஒரு பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்பதால் அது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை மூளை கணிக்கிறது. இந்த உதவி கையெட்டும் தொலைவில் மிக அதிகம்; தொலைவு கூடக்கூட விரைந்து குறைந்துவிடும். 100 மீட்டருக்கு அப்பால் உள்ள பொருளின் தொலைவை இரு கண் உள்ளவரும் பொருளின் பருமன், நிழல், ஒன்றையொன்று மறைக்கும் விதம் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலும் கணிக்கிறார்.

மூன்றாவது, மங்கிய ஒளியில் சிறு குறை. நிற வேறுபாடு குறைந்த பொருளைப் பிரித்தறிவதில் இரு கண்கள் ஒரு கண்ணைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு திறன் உடையவை. அந்தியில் புதரையும் பன்றியையும் பிரித்தறிய இது தேவைப்படும்.

குறையாதது என்னவெனில், நல்ல கண்ணின் கூர்மை. எழுத்தைப் படிப்பதிலும் தொலைவிலுள்ள பறவையை இனங்காண்பதிலும் நலமான ஒரு கண் போதுமானது. ஆகவே, குறைந்த ஒளியைச் சேர்த்துத் தரும் கருவியைத் தேர்ந்தெடுப்பதும், தொலைவை அறிய வேறு வழி செய்துகொள்வதுமே நம் வேலை.

ஒற்றைக் குழலா, இரட்டைக் குழலா?

மானாகுலர் எனப்படும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி, பைனாகுலர் எனப்படும் இரட்டைக்குழல் தொலைநோக்கியின் ஒரு பாதியே ஆகும். ஒரு கண் உள்ளவர்க்கு மறுபாதி வீண் சுமை. அதே தரமுள்ள ஒற்றைக்குழல் கருவி எடையிலும் விலையிலும் குறைவு; சட்டைப் பையில் அடங்கும்; ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் குறிப்பெழுதலாம்.

இதில் ஒரு குறையும் உண்டு. ஒரு கையால் பிடிக்கும்போது நடுக்கம் அதிகம். இரட்டைக்குழல் கருவியை இரு கைகளாலும் பிடித்து நெற்றியில் அணைத்துக்கொள்வதால் காட்சி நிலையாக இருக்கும். எனவே ஒற்றைக்குழல் வாங்குவோர் அதைப் பரண் கம்பத்திலோ, கவட்டைக் கொம்பிலோ, ஊன்றிய தடியின் மேலோ சாய்த்துப் பார்க்கப் பழக வேண்டும்.

செலவைக் குறைக்க விரும்புவோர்க்கு மற்றொரு வழி உண்டு. கீழே விழுந்ததால் இரு குழல்களும் நேர் தவறிய பழைய பைனாகுலர் இரு கண் உள்ளவர்க்குப் பயன்படாது. காட்சி இரண்டாகத் தெரிந்து தலைவலி வரும். ஒரு கண் உள்ளவர்க்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு குழல் தெளிவாக இருந்தால் போதும். இத்தகைய கருவியைக் குறைந்த விலைக்குக் கேட்டு வாங்கலாம். பெரும்பாலான பைனாகுலர்களில் வலக் கண்வில்லையில் தனி வளையம் ஒன்று இருக்கும். வலக் கண்ணால் பார்ப்பவர் அதைச் சுழிக் குறியில் நிறுத்திவிட்டு, நடுச் சக்கரத்தை மட்டும் திருப்பித் தெளிவுபடுத்த வேண்டும். இடக் கண்ணால் பார்ப்பவர்க்கு அந்த வளையம் தேவையே இல்லை.

எண்களைப் படிக்கும் முறை

தொலைநோக்கியின் மீது 8×42 என்பதுபோல் இரு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும்.

மடங்கு கூடினால் நல்லது என்பது தவறான எண்ணம். மடங்கு கூடும்போது கை நடுக்கமும் அதே மடங்கு பெரிதாகத் தெரியும். பார்வைப் பரப்பும் பொதுவாகச் சுருங்கும். கையில் பிடித்துப் பார்க்க 8 மடங்கு ஏற்றது. 10 மடங்கு மேல் எல்லை. 12 மடங்குக்கு மேற்பட்டவற்றைத் தாங்கியின்றிப் பயன்படுத்த இயலாது. பக்கப் பார்வை குறைந்தவர்க்குப் பரந்த காட்சி மிகவும் தேவை. 7 பாகை பரப்புள்ள கருவியில் 1000 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 122 மீட்டர் அகலம் தெரியும். அதற்குக் குறையாமல் பார்த்து வாங்குவது நலம்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது ஒளிவட்டம். தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடித்து வானத்தை நோக்கினால், கண்வில்லையில் சிறிய வெண்ணிற வட்டம் ஒன்று தெரியும். கண்ணுக்குள் செல்லும் ஒளிக்கற்றையின் அகலம் இதுவே. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் இதன் விட்டம் கிடைக்கும்.

8×25 - 3.1 மி.மீ.
10×25 - 2.5 மி.மீ.
8×32 - 4 மி.மீ.
10×42 - 4.2 மி.மீ.
8×42 - 5.2 மி.மீ.
8×56 - 7 மி.மீ.

நடுப்பகலில் நம் கண்பாவை 2 முதல் 3 மி.மீ. வரை சுருங்கியிருக்கும். அப்போது எந்தக் கருவியும் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தையே தரும். இருட்டில் இளைஞர்க்குக் கண்பாவை 7 மி.மீ. வரை விரியும், வயது ஏற ஏற விரிவு குறைந்து, 50 வயதைக் கடந்தவர்க்குப் பெரும்பாலும் 5 மி.மீ. அளவில் நின்றுவிடும். அந்தி வேட்டைக்காரர்கள் 8×56 கருவியை விரும்பும் காரணம் இதுவே. ஆனால் கண்பாவை 5 மி.மீ. மட்டுமே விரியும் ஒருவர்க்கு 7 மி.மீ. ஒளிவட்டத்தின் ஓரப் பகுதி கண்ணுக்குள் செல்லாமல் வீணாகும். சுமையும் விலையுமே மிச்சம்.

ஆகவே கீழ்க்கண்டவாறு தேர்ந்தெடுக்கலாம். மயில், கிளி, குரங்கு போன்றவற்றைப் பகலில் மட்டும் பார்ப்பவர்க்கு 8×25 அல்லது 8×32 போதும். அந்தியிலும் விடியலிலும் காவல் காப்பவர்க்கு 8×42 ஏற்றது. ஒரு கண் உள்ளவர் மங்கிய ஒளியில் இழக்கும் திறனை ஓரளவு ஈடுசெய்ய, பையில் அடங்கும் சிறு கருவியைத் தவிர்த்து இதையே வாங்குவது சிறந்தது.

மூக்குக் கண்ணாடி அணிவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். கண்வில்லையிலிருந்து 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் தள்ளிக் கண்ணை வைத்தாலும் காட்சி முழுமையாகத் தெரியும் கருவியே அவர்களுக்குப் பொருந்தும். கண் பதியும் ரப்பர் விளிம்பை மடித்துவிட்டு, கண்ணாடியுடனேயே கடையில் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

1. ஒளிவட்டத்தை மில்லிமீட்டர் அளவுகோலால் அளக்கவும். முன்வில்லையின் விட்டத்தை ஒளிவட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் உண்மையான மடங்கு தெரியும். எடுத்துக்காட்டாக, 40×60 என்று பொறிக்கப்பட்ட கருவியில் ஒளிவட்டம் 1.5 மி.மீ. இருக்க வேண்டும். அது 6 மி.மீ. இருந்தால் கருவியின் உண்மையான திறன் 10 மடங்கே. பொறித்த எண்ணை நம்பி விலை கொடுக்க வேண்டாம்.

2. ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் உள்ளேயுள்ள பட்டகம் தரம் குறைந்தது அல்லது அளவில் சிறியது.

3. முன்வில்லை கண்ணாடிபோல் பளீரெனச் செந்நிறத்தில் மின்னும் கருவிகளைத் தவிர்க்கவும். அந்தியில் மிச்சமுள்ள ஒளியின் ஒரு பகுதியை அப்பூச்சு திருப்பி அனுப்பிவிடுகிறது.

4. கடைக்கு வெளியே வந்து, தொலைவிலுள்ள மின்கம்பத்தையோ பெயர்ப்பலகையையோ நிழலான இடத்தில் நின்று பார்க்கவும். கம்பத்தின் ஓரத்தில் நீலம் அல்லது மஞ்சள் நிறக் கரை தடித்துத் தெரிந்தால் வேறு கருவியைக் கேட்கவும்.

5. நீங்கள் பயன்படுத்தும் கண்ணாலேயே, பயன்படுத்தும் கையாலேயே பிடித்துப் பார்க்கவும். பார்வையுள்ள கண்ணும் பழகிய கையும் ஒரே பக்கத்தில் இல்லாதவர்க்குச் சில கருவிகளின் திருகு எட்டாது.

தொலைவை அறியும் வழி

8 மடங்குத் தொலைநோக்கியில் 80 மீட்டர் தள்ளி நிற்கும் விலங்கு 10 மீட்டரில் நிற்பதுபோல் தோன்றும். கருவியை இறக்கியவுடன் அது மிகத் தள்ளிப் போய்விட்டதாகத் தோன்றும். இந்த மயக்கம் எல்லோர்க்கும் உண்டு. ஒரு கண் உள்ளவர்க்குச் சற்றுக் கூடுதல். யானை நடமாடும் தாளவாடி, ஆனைகட்டி போன்ற பகுதிகளில் இம்மயக்கம் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே கருவிக்குள் பார்த்துத் தொலைவைக் கணிக்கவே கூடாது.

இதற்கு எளிய வழி, காவல் தொடங்கும் முன்பே வயலை அளந்து வைப்பதாகும். பரணிலிருந்து விலங்குகள் வரும் திசைகளில் 30, 60, 90 மீட்டர் தொலைவுகளில் கழிகளை நடவும். அவற்றில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று பட்டைகளாகச் சுண்ணாம்பு பூசவும். விலங்கு எந்தக் கழிக்கு அருகில் நிற்கிறது என்று பார்த்தாலே தொலைவு தெரிந்துவிடும். யானை எந்தக் கழியருகே தெரிந்தாலும் விரட்ட முற்படாமல், பாதுகாப்பான கட்டடத்தில் இருந்துகொண்டு வனத்துறையினருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கழி இல்லாத இடத்தில் அளவுகோல் உதவும். கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி அளவுகோலைப் பிடித்து, உயரம் தெரிந்த ஒரு பொருள் எத்தனை செ.மீ. உயரமாகத் தெரிகிறது என்று வெறுங்கண்ணால் பார்க்கவும். உண்மை உயரத்தை 60-ஆல் பெருக்கி, தெரியும் உயரத்தால் வகுத்தால் தொலைவு கிடைக்கும். 150 செ.மீ. உயரமுள்ள வேலிக்கல் 1 செ.மீ. உயரமாகத் தெரிந்தால் அது 9000 செ.மீ., அதாவது 90 மீட்டர் தள்ளி உள்ளது. 2 செ.மீ. ஆகத் தெரிந்தால் 45 மீட்டர்.

எது முன்னே, எது பின்னே என்று மட்டும் அறிய வேண்டுமானால், தலையை இடமும் வலமுமாக ஒரு சாண் அசைத்துப் பார்க்கவும். அருகிலுள்ள பொருள் அதிகமாகவும், தொலைவிலுள்ளது குறைவாகவும் நகர்வதுபோல் தெரியும்.

இருட்டில் எச்சரிக்கை

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்த கண் முழுமையாகப் பழக ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். கைவிளக்கு, கைப்பேசித் திரை, அகச்சிவப்புக் கதிரால் இயங்கும் இரவுநோக்கியின் திரை ஆகியவற்றைப் பார்த்தவுடன் அந்தப் பழக்கம் கலைந்துவிடுகிறது. இரு கண் உள்ளவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டால் அந்தக் கண் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும். ஒரு கண் மட்டும் உள்ளவர்க்கு அந்த வசதி இல்லை. திரையை விட்டுத் தலை நிமிர்ந்ததும் சில நிமிடங்கள் அவர் பார்வையற்றவர் போலவே ஆகிறார். அந்நேரத்தில் பரணிலிருந்து இறங்குவதும், வரப்பில் நடப்பதும் பாம்புக்கும் பன்றிக்கும் இடம் கொடுப்பதாகும். திரையின் ஒளியை மிகக் குறைத்து வைக்கவும். குறிப்பெழுத மங்கிய சிவப்பு விளக்கைப் பயன்படுத்தவும். இறங்குவதானால் கைவிளக்கை ஏற்றிக்கொண்டே இறங்கவும்.

பார்வையில்லாத பக்கம் சுவரோ, பருத்த மரமோ இருக்கும்படி அமர்வதும், துணைக்கு வருபவரை அந்தப் பக்கத்தில் அமர்த்துவதும் நல்லது.

காவலுக்கு அப்பால்

தொலைநோக்கி காவலுக்கு மட்டுமன்றிப் பயிர்ப் பாதுகாப்புக்கும் உதவும். 8 மடங்குக் கருவியால் தரையில் நின்றபடியே தென்னையின் கொண்டையைப் பார்த்து, காண்டாமிருக வண்டு தாக்கிய மட்டைகளில் காணும் முக்கோண வெட்டுகளைக் கண்டறியலாம். ஆழம் கணிக்க இயலாதவர் பார்வையிடுவதற்காக மட்டும் மரம் ஏறும் தேவை இதனால் குறைகிறது.

பூச்சிகளைப் பார்க்க 10 மடங்குக் கைவில்லை ஒன்றும் வைத்துக்கொள்ளவும். 1998-இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கண்டறியப்பட்டு நம் மாநிலத்திற்கும் பரவிய தென்னை ஈரியோபைட் சிலந்தி ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நீளமே உடையது. இவ்வில்லை அதை இரண்டரை மில்லிமீட்டராகக் காட்டும். வில்லையைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, இலையையோ காயின் தொட்டியையோ ஏறத்தாழ 2.5 செ.மீ. தொலைவுக்குக் கொண்டுவர வேண்டும். இக்கருவியை எல்லோரும் ஒரு கண்ணால்தான் பார்க்கின்றனர். இதில் உங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

இருக்கும் கண்ணைக் காத்தல்

எந்தத் தொலைநோக்கியைக் காட்டிலும் விலைமதிப்பற்றது இருக்கும் ஒரு கண். 1994-இல் மதுரையில் கருவிழிப் புண்ணுடன் சிகிச்சைக்கு வந்த 434 பேரை ஆராய்ந்ததில் 284 பேர்க்கு முதலில் கண்ணில் அடிபட்டிருந்தது தெரியவந்தது. நெல் உமி, கரும்புச் சோகை, தாள் ஆகியவற்றால் ஏற்படும் சிறு கீறல் வழியே பூசணம் நுழைந்து கண்ணைப் பறிக்கக்கூடும். ஆகவே ஒரு கண் உள்ளவர் முதலில் வாங்க வேண்டிய கருவி, பாலிகார்பனேட் வில்லையும் பக்க மறைப்பும் உள்ள பாதுகாப்புக் கண்ணாடியே. பார்வைக்குக் கண்ணாடி தேவையில்லாதவரும் அறுவடை, கதிரடிப்பு, சோகை உரித்தல், மருந்து தெளிப்பு ஆகிய வேலைகளில் இதை அணிய வேண்டும்.

கண்ணில் ஏதேனும் பட்டால் தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் போன்றவற்றை ஊற்றாமலும், கடையில் தாமாகச் சொட்டுமருந்து வாங்காமலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தொலைநோக்கியால் ஒரு கணமும் சூரியனைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் விழித்திரை கருகிவிடும். கண்வலி பரவும் காலத்தில் பிறர் பயன்படுத்திய தொலைநோக்கியின் ரப்பர் விளிம்பைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்திய பின்னரே கண்ணில் வைக்கவும்.

பராமரிப்பு

வில்லையின் மேலுள்ள தூசியை முதலில் ஊதி அகற்றிவிட்டு, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் துடைக்கவும். துண்டு, வேட்டி முனையால் துடைத்தால் மணல் உரசி வில்லை கீறும். மழைக்காலத்தில் ஈரத்துடன் உறையில் இட்டு மூடினால் வில்லையின் உட்புறம் பூசணம் படரும். உலர்ந்த டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைக்கவும். வெயிலில் வைக்கோல் மேல் கருவியைத் திறந்து வைக்க வேண்டாம். வில்லை ஒளியைக் குவித்துத் தீப்பற்ற வைக்கக்கூடும்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

• ஒற்றைக்குழல் 8×42 அந்திக் காவலுக்கு ஏற்றது. பகலுக்கு மட்டுமெனில் 8×32 போதும்.
• ஒளிவட்டத்தை அளக்காமல் வாங்க வேண்டாம்.
• தொலைவைக் கழி நட்டு அறியவும். கருவிக்குள் பார்த்துக் கணிக்க வேண்டாம்.
• திரையைப் பார்த்த கண்ணோடு இருட்டில் இறங்க வேண்டாம்.
• பாதுகாப்புக் கண்ணாடி முதலில், தொலைநோக்கி பிறகு.

ஒரு கண் பார்வையுள்ள உழவர் பெருமக்கள் இம்முறைகளைக் கையாண்டு, பார்த்தவற்றை நாள், நேரம், திசையுடன் ஒரு நோட்டில் குறித்துவரின், வேலி எங்கே பலப்படுத்தப்பட வேண்டும் என்பது ஒரே பருவத்தில் தெளிவாகிவிடும். பயிர்ச்சேதத்திற்கு வனத்துறையிடம் இழப்பீடு கோரி விண்ணப்பிக்கும்போதும் அந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.